ஆளையாள் தெரியாத இருவர்

செங்கலடிச் சந்திக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது. என் இரண்டு கைகளிலும் வெறும் தயிர்ச் சட்டிகள். கயிற்றில் கோத்திருந்ததால் நடக்க நடக்க ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. எனக்கு முன்னால் பூமணியக்கா போய்க்கொண்டிருந்தார். கையில் குடை வைத்திருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் அதை விரிக்கவில்லை. முன்னால் வருகிற நாய்களுக்காகத்தான் அது.

அவரை நான் சந்தித்து அரைநாள்கூட ஆகவில்லை. அதற்குள் என் காற்சட்டையை முழங்கால்வரை மடிக்கச் சொல்லிவிட்டார். தலைமயிரை வெட்டச் சொல்லிவிட்டார். ஏன் இன்னும் கல்யாணம் முடிக்கவில்லை என்று கேட்டு, நான் வாயைத் திறக்குமுன் அதற்கு ஒரு காரணத்தையும் தானே சொல்லிவிட்டார். காரணம் என் தலைமயிர்தான்.

அன்று காலையில் நான் ஒரு பல்கலைக்கழகத்தில், உளவியல் ஆய்வுகூடத்தில், ஆராய்ச்சி உதவியாளன். மத்தியானம் சட்டி சுமக்கிறவன். வேலை மாறுவது எனக்குப் புதிதில்லை. இவ்வளவு சத்தத்தோடு மாறியது அதுதான் முதல் தடவை.

மின்விசிறி கொண்டு போனவன்

அந்த வேலைக்கு நான் விண்ணப்பித்ததில்லை. செங்கலடியில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தேன். ஒருநாள் ஒரு நிற்கும் மின்விசிறியைத் தோளில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தின் மேல்மாடிக்குப் போனேன். அங்கே வாசுகி மேடம் தரையில் முழங்காலில் நின்று கடதாசிக் கோப்பைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கதிரைகள் எல்லாம் சுவரோரம் கிடந்தன. தரை முழுக்கக் கோப்பைகள். யாருக்கோ அன்னதானம் என்று நினைத்தேன்.

மேடம் யாழ்ப்பாணத்துக்காரி. உளவியல் விரிவுரையாளர். வந்து சில மாதங்கள்தான். இந்த மட்டக்களப்புப் பக்கத்து ஆட்களைத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். நான் வேலை செய்யாத ஊரில்லை என்றேன். செங்கல் சூளை, மண் ஏற்றும் டிரக்டர், பேக்கரி, இறால் பண்ணை என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"அப்ப ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஆக்களாப் பார்த்து, சோடி சோடியாக் கூட்டிக்கொண்டு வர ஏலுமே?" என்று கேட்டார்.

"அது லேசு மேடம்," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் எத்தனையோ முட்டாள்தனமான வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறேன். அத்தனையையும் அது தோற்கடித்தது.

படிப்பு எவ்வளவு என்றும் கேட்டார். எட்டாம் வகுப்பில் நான் இருந்தபோது எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாமானது. படிக்கப் போன இடத்திலேயே பாய் விரித்துப் படுத்தோம். அம்மா அங்கேதான் காய்ச்சலில் போனார். முகாமைக் கலைத்த நாளில் வகுப்பறையை விட்டு வெளியே வந்தவன்தான், திரும்ப எந்த வகுப்பறைக்கும் போகவில்லை. மேடம் கையிலிருந்த கோப்பையை நிரப்பி வைத்தார். பிறகு, இந்த வேலைக்குப் படிப்பு முக்கியமில்லை, தரை துடைக்கத் தெரிந்தால் போதும் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

தண்ணீர்க் கோப்பைகள்

ஆராய்ச்சி இதுதான். முன்பின் தெரியாத இரண்டு பேர். ஒருவரின் கண்ணைத் துணியால் கட்டி, கோப்பைகளுக்கு நடுவில் நிறுத்துவோம். மற்றவர் உயரமான கதிரையில் இருந்துகொண்டு, இடது பக்கம், வலது பக்கம், முன்னால் என்று சொல்ல வேண்டும். கண் கட்டியவர் அந்தச் சொல்லை நம்பி நடக்க வேண்டும். கால் எங்கே தயங்குகிறது, எங்கே துணிந்து வைக்கிறது என்பதைக் கமரா பதியும். தெரியாத ஒருவரின் சொல்லை மனிதர் எவ்வளவு தூரம் நம்புவார் என்பதுதான் மேடத்தின் கேள்வி.

என் வேலை ஆட்களைக் கூட்டிவருவது, கோப்பைகளை நிரப்புவது, கண்ணைக் கட்டுவது, கடைசியில் தரையைத் துடைப்பது. உண்மையில் கடைசி வேலைதான் நாள் முழுக்க நடந்தது.

அந்த அறைக்கு ஒரு ஆபத்து இருந்தது. விளையாட்டுப் பொறுப்பாளருக்கு அதன்மேல் கண். கரப்பந்துகளையும் வலைகளையும் வைக்க இடமில்லை என்று துறைத்தலைவரிடம் முறையிட்டுக்கொண்டேயிருந்தார். அடிக்கடி அளவு நாடாவோடு வந்து, எங்களைக் கவனிக்காதவர் போல அறையை அளப்பார். அறை ஒரு தடவைகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் அளப்பார்.

துறைத்தலைவர் ஒரு முடிவு சொல்லிவிட்டார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள், ஆளையாள் தெரியாத ஒரே ஒரு சோடியையாவது ஒழுங்காக நடத்திக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அறை பந்துகளுக்கு. அறை போனால் ஆய்வுகூடம் போகும். ஆய்வுகூடம் போனால் நானும்.

எனக்கு அந்த வேலை வேண்டும். முதுகில் எதையும் ஏற்றாமல் ஒரு வேலை எனக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. எனக்கென்று ஒரு கதிரை, அதற்கு மேல் நானே சுமந்து கொண்டுவந்த விசிறியின் காற்று. இதை விட்டுவிட்டு எங்கே போவது?

மச்சான்மார்

முதல் சோடி, செங்கலடி ஓட்டோக்காரர் ஒருவரும் வவுணதீவு விவசாயி ஒருவரும். நடுவில் வாவியே கிடக்கிறது, தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று நினைத்தேன். வெளியே இரண்டு கதிரைகளில் இருத்திவிட்டுக் கோப்பை நிரப்பப் போனேன். திரும்பி வந்தபோது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். ஓட்டோக்காரர் ஊரைக் கேட்டிருக்கிறார். ஊரிலே எவடம் என்று கேட்டிருக்கிறார். பிறகு தாய் எந்த ஊர், என்ன குடி. அவ்வளவுதான், முடிந்தது கதை. இந்தப் பக்கத்தில் குடி என்பது தாய்வழியில் வருகிற குலம். ஒரே குடியென்றால் அண்ணன் தம்பி. வேறு குடியென்றால் மச்சான். இரண்டுக்கும் நடுவில், தெரியாதவன் ஒருவன் உட்காருவதற்கு யாரும் பலகை போட்டு வைக்கவில்லை.

"தெரியாது எண்டு சொல்லித்தானே ரெண்டு பேரும் உள்ள வந்தவை?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

"அது அப்ப மேடம். இப்ப தெரியும்."

சரி, இனி வெவ்வேறு வாசலால் கொண்டுவருவோம் என்று மேடம் முடிவு செய்தார். அடுத்த சோடியில் வாகரைப் பக்கத்து மீனவர் ஒருவருக்குக் கண்ணைக் கட்டி உள்ளே விட்டேன். மறு வாசலால் கொக்கட்டிச்சோலைத் தையல்காரர் வந்து கதிரையில் இருந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது.

தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு எட்டு முன்னால வைங்க," என்றார். மீனவர் அசையவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இந்தக் குரல எனக்குத் தெரியும்," என்றார் மீனவர். "தேருக்கு மைக்கில கதைக்கிறது நீங்கதானே?"

கொக்கட்டிச்சோலைத் தேர் நாளில், சனக்கூட்டத்தில் காணாமற்போகும் பிள்ளைகளின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வது அந்தத் தையல்காரர்தானாம். முந்திய ஒரு தேரில் மீனவரின் மகள் காணாமற்போயிருக்கிறாள். பச்சைச் சட்டை, கையில் ஊதுகுழல் என்று இந்தக் குரல் சொல்லித்தான் பிள்ளை கிடைத்தாள். மீனவர் துணியைக் கழற்றி எறிந்துவிட்டு, கோப்பைகளை மிதித்துக்கொண்டு ஓடி, தையல்காரரைக் கதிரையோடு கட்டிப்பிடித்தார். பிள்ளைக்கு இப்போது எத்தனை வயது என்று தையல்காரர் கேட்டார். அந்தச் சட்டையின் கழுத்து சரியாக வெட்டப்படவில்லை, அன்றைக்கே கவனித்தேன் என்றும் சொன்னார். நான் தரையைத் துடைத்தேன்.

தெற்கே காலி நகரிலிருந்து வந்த பிளாஸ்டிக் கதிரை வியாபாரி ஒருவரையும் கொண்டுவந்தேன். தமிழ் அரைகுறை, ஊர் தூரம், இவரை யாருக்குத் தெரியும்? மறுபக்கத்தில் இருந்த பெண்ணின் கல்யாணத்துக்கே அவர்தான் கதிரை கொடுத்திருந்தார். மாப்பிள்ளை சுகமா என்று விசாரித்தார்.

கொழும்பைப் பற்றிக் கொஞ்சம்

இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு நான் கொழும்பை நினைத்தேன். அங்கே ஒரு சாப்பாட்டுக்கடையின் மேலறையில் கொஞ்சக்காலம் படுத்திருக்கிறேன். பக்கத்துப் பாயில் படுத்தவனின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. அவன் செருப்பு மட்டும் தெரியும். இடது செருப்புக்கு வேறு நிற வார். ஒருநாள் செருப்பைக் காணவில்லை. அவன் போய்விட்டான் என்று விளங்கிக்கொண்டேன்.

இதை மேடத்திடம் சொன்னபோது, கொழும்பிலென்றால் தன் ஆராய்ச்சி ஒரே நாளில் முடிந்திருக்கும் என்று பெருமூச்சு விட்டார். அதற்கு முதல் நாள் மேடமும் தப்பவில்லை. வாசல் காவலாளி அவருடைய பெரியப்பாவோடு கிளிநொச்சியில் வேலை செய்தவராம். அன்றிலிருந்து அவரை 'மகள்' என்றுதான் கூப்பிட்டார்.

பேசக் கூடாது

கடைசி வழியாக மேடம் பேச்சையே நிறுத்தினார். இடம், வலம், முன், நில். இந்த நாலு சொல்லுக்கு மேல் ஒரு எழுத்தும் வரக் கூடாது. பெயர் இல்லை, ஊர் இல்லை, 'வாங்க' இல்லை, சிரிப்பும் இல்லை.

படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கில், இரண்டு வேறு ஊர்களில் வயல் செய்கிற இரண்டு பேர். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. ஒருவருக்குக் கண்ணைக் கட்டினேன். மற்றவர் கதிரையில் இருந்து, "முன்," என்றார். நடந்தார். "வலம்." நடந்தார். "நில்." நின்றார். மேடம் என்னைப் பார்த்தார். நான் மூச்சே விடவில்லை.

"முன்," என்றார் கதிரையில் இருந்தவர்.

கண் கட்டியவர் காலை எடுக்கவில்லை. கொஞ்சநேரம் நின்றார். பிறகு மெதுவாக, "என்னோட ஏன் கோவம்?" என்று கேட்டார்.

கதிரைக்காரர் மேடத்தைப் பார்த்தார். மேடம் உதட்டில் விரலை வைத்தார். எனவே அவர், "முன்," என்றார்.

"சுகமா எண்டும் கேக்காம ஒருத்தர் இப்பிடிக் கதைக்கிறதெண்டா, காரணம் இல்லாமலா?" என்றார் கண் கட்டியவர். அவர் குரல் இறங்கியிருந்தது. "அந்த வாய்க்கால் தண்ணி விசயந்தானே? எங்கட மாமா உங்கட வட்டைக்குத் தண்ணி விடாம மறிச்சது பிழைதான். அவர் இப்ப உயிரோட இல்ல. அவருக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேக்கிறன்."

அவர் சும்மா எறிந்த கல்தான். ஆனால் கதிரைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய வட்டைக்கு, அதாவது அந்தப் பக்கத்து வயல்வெளிக்கு, ஒரு போகத்தில் உண்மையாகவே தண்ணீர் வரவில்லையாம். மறித்தது யாரென்று இத்தனை வருடமாக அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

அடிதடியாகுமோ என்று நான் துடைப்பத்தைக் கையில் எடுத்தேன். ஆனால் அவர் இறங்கி வந்து, மற்றவரின் கண்கட்டைத் தானே அவிழ்த்துவிட்டார். அந்தப் போகம் எப்படியும் வெள்ளத்தில் போயிருக்கும் என்றார். இருவரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். அவர்கள் வெளியேற உள்ளே வந்த விளையாட்டுப் பொறுப்பாளர், எல்லாம் முடிந்ததா என்று என்னைக் கேட்டுவிட்டு ஜன்னலை அளந்தார்.

வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. துறைத்தலைவர் வந்து உட்கார்ந்துவிட்டார். விளையாட்டுப் பொறுப்பாளர் நாடாவோடு கதவில் சாய்ந்து நின்றார். நான் ஏற்பாடு செய்திருந்த இருவரைக் காணவில்லை. தொலைபேசி எடுத்துக் கேட்டால், இருவரும் பஸ்ஸிலேயே சந்தித்திருக்கிறார்கள். உறவாகியிருக்கிறார்கள். இருவருக்கும் வேண்டிய ஒரு செத்த வீட்டுக்குச் சேர்ந்தே போய்விட்டார்கள். எனக்கும் முடிந்தால் வரச் சொன்னார்கள்.

மேடத்தின் முகம் வெளிறிப்போனது. அப்போதுதான் வெளியே சட்டிச் சத்தம். விரிவுரையாளர்களுக்குத் தயிர் கொண்டுவரும் ஒரு பெண். நடுத்தர வயது, வெற்றிலை வாய், வலிய கைகள். மேடம் அவரை உள்ளே கூப்பிட்டு, பெயரைக் கேட்டுவிட்டு, என்னைக் காட்டி, இவரைத் தெரியுமா என்று கேட்டார்.

"கண்டதே இல்ல," என்றார் அவர். அவர் பெயர் பூமணி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மேடம் என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கியது. சோடியில் மற்ற ஆள் நான்.

என்னைப்போல் பொருத்தமான ஆள் இந்த மாவட்டத்திலேயே கிடைக்க மாட்டான். என் ஊர் வாகரைக்கும் அப்பால். அங்கே இருந்தவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். குடி என்னவென்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது. சொல்லக்கூடிய ஆள் அம்மா. கேட்கிற வயது எனக்கு வருமுன் போய்விட்டார். ஆகவே என்னை எங்கேயும் எதனோடும் கட்ட முடியாது. கண்ணை மட்டும் கட்டினார்கள்.

பூமணியக்கா கதிரையில் ஏறவில்லை. நின்றுகொண்டே சொன்னார். இடம் வலம் என்றெல்லாம் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "இஞ்சால வா. இன்னும். ஹா, நில்லு. கால உயத்து. அங்கால போகாத. ம்ம்... வா, வா." நாக்கால் 'டக் டக்' என்று ஒரு சத்தமும் போட்டார். எனக்கு எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரல் இழுத்த பக்கம் கால் தானாகப் போனது. முழுக்க நடந்து சுவரைத் தொட்டேன். ஒரு கோப்பைகூடச் சரியவில்லை. அந்த அறையில் நான் துடைக்கத் தேவையில்லாத தரையை அன்றுதான் கண்டேன்.

துறைத்தலைவர் கைதட்டினார். மேடம் சிரித்ததை அதுவரை நான் பார்த்ததில்லை. நான் துணியை அவிழ்த்தேன்.

பூமணியக்கா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். நின்ற விதத்தைப் பார்த்தார். என் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"நீ எங்கட புள்ளதானே மனே. உன்ட அம்மாவும் நானும் ஒரே குடி. அந்த முழியப் பாத்ததும் தெரிஞ்சிட்டு."

துறைத்தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். மேடம் கணினியை மூடினார். கதவடியில் நாடா 'சர்' என்று விரிந்தது.

மேடம் என்னைத் திட்டவில்லை. இத்தனை நாளும் நல்லாத் துடைச்சனீங்கள் என்று மட்டும் சொன்னார். பூமணியக்கா வெளியே காத்திருந்தார். வேலை போய்விட்டதென்றால் தன்னோடு வந்து மாடு பார்க்கலாம், சொந்தப் பிள்ளை தெருவில் நிற்கக் கூடாது என்றார். அம்மாவை அறிந்த ஒரு ஆளை அம்மா போன பிறகு நான் சந்தித்ததே இல்லை. சட்டிகளைத் தூக்கிக்கொண்டேன்.

பட்டி

அப்படித்தான் செங்கலடிச் சந்திக்கு வந்து, பதுளை வீதி பஸ்ஸில் ஏறி, மேற்கே போனோம். பஸ்ஸில் அவர் நன்றாகத் தூங்கினார். அம்மாவைப் பற்றிக் கேட்க எனக்கு நிறைய இருந்தது. வீட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் தந்தார். தயிர் கேட்காமலே வந்தது. சாப்பிட்டதும் படுக்கச் சொன்னார்.

அடுத்த நாள் வெள்ளாப்பில், கிழக்கு வெளுக்கும்போதே, பட்டிக்குள் நின்றோம். எருமைகள் சேற்றோடு சேறாகப் படுத்திருந்தன. பூமணியக்கா வாளியை என் கையில் தந்துவிட்டு, "மறுகா, உன்ட பேரென்ன மனே?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அம்மாட பேரென்ன?"

நான் வாளியைக் கீழே வைத்தேன். "அம்மாவத் தெரியும் எண்டு சொன்னீங்களே அக்கா?"

"சொன்னன்." அவர் வெற்றிலையைத் துப்பினார். வெட்கப்பட்ட மாதிரியே இல்லை. "மாடு பாக்க ஆள் தேடித் தேடிக் களைச்சிட்டன். ஒருத்தனும் நிக்கிறான் இல்ல. நீ கண்ணையும் கட்டிப்போட்டு, ஆரெண்டு தெரியாத ஒரு பொம்புள சொன்ன பக்கமெல்லாம் மறுத்துக் கதைக்காம நடந்தாய். எருமைக்கு அப்பிடி ஒரு ஆள்தான் வேணும். சொந்தம் எண்டு சொல்லாட்டி நீ வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். வாளியை எடுத்தேன், திரும்பவும் வைத்தேன். பிறகு சிரிப்பு வந்தது. பட்டி வேலியில் சாய்ந்து நின்று சிரித்தேன். எருமைகள் திரும்பிப் பார்த்தன. அத்தனை பேரைக் கூட்டிவந்து, அத்தனை வாளி தண்ணீரைத் துடைத்து, நாங்கள் தேடிய ஒரே சோடி கிடைத்திருக்கிறது. கமராவிலும் இருக்கிறது. அதைத்தான் உறவுக்காரர் என்று தள்ளிவிட்டோம்.

மேடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன். அவவிடம் கொடுங்கோ என்றார். பூமணியக்கா தொலைபேசியை வாயருகே பிடித்துக்கொண்டு, இவன் ஆரென்று தனக்குச் சத்தியமாகத் தெரியாது, கேட்டால் துறைத்தலைவரிடமும் சொல்வேன், தயிர் வருகிற கிழமை கொஞ்சம் பிந்தும் என்று சொல்லி, 'இந்தா மனே' என்று என்னிடம் திருப்பித் தந்தார்.

"இப்பவும் உங்களை 'மனே' எண்டெல்லோ கூப்பிட்டவ?" என்றார் மேடம். 'மகனே' என்பதுதான் இந்தப் பக்கத்தில் 'மனே'; அவருக்குச் சந்தேகம் இன்னும் போகவில்லை.

"இங்க பஸ் கண்டக்டரையும் அப்பிடித்தான் கூப்பிடுவாங்க மேடம்."

அவர் சிரித்தார். உடனே துறைத்தலைவரிடம் போகிறேன் என்றார். நேற்றுப் பின்னேரம் பந்துகள் படிவரைதான் வந்தன, அறை நிச்சயம் தப்பிவிடும் என்றார். திங்கட்கிழமை என்னைத் திரும்ப வரச் சொன்னார். கதிரை அப்படியே இருக்கிறதாம், விசிறியும்.

பூமணியக்கா கேட்காத மாதிரி கன்றை அவிழ்த்துவிட்டார். கன்று முட்டி முட்டிக் குடித்ததில் எருமையின் மடியில் பால் இறங்கிவிட்டது. கன்றை இழுத்துக் கட்டிவிட்டு என்னைப் பார்த்தார். சுரந்த பாலைக் கறக்காமல் விட்டால் மாட்டுக்கு நோகும்.

எனக்கு இங்கேயே வேலை கிடைத்துவிட்டது என்று மேடத்திடம் சொல்லிவிட்டு, வாளியோடு குந்தினேன். எருமை தலையைத் திருப்பி என் தோளை முகர்ந்தது, கையை முகர்ந்தது. ஊரைக் கேட்கவில்லை, குடியைக் கேட்கவில்லை. வாளியோடு சேர்த்து என்னை ஒரே உதையில் சேற்றுக்குள் தள்ளியது.

மட்டக்களப்பில் என்னைத் தெரியாத ஆளாக நடத்திய முதல் சீவன் அதுதான். எழும்பி, வாளியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மறுபக்கமாகப் போய்க் குந்தினேன்.